வண்டியை இறக்கும் முன் ரோட்டை அளந்துவிடுங்கள் தம்பி

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல், அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேலை திருப்பூரில், ஞாயிற்றுக்கிழமையானால் காங்கயம் பக்கம் தோட்டம், லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் நண்பர்களோடு வால்பாறை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் நுழைகிற இடைவெளி கண்ணை உறுத்துகிறது, அதனால் இரண்டு இஞ்ச் இறக்கணும். ஒருத்தர் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் போதும் என்கிறாராம், இன்னொருத்தர் ஆன்லைனில் சீனா காயில்ஓவர் (திருகி உயரத்தை மாற்றுகிற ஸ்பிரிங்-ஷாக் செட்) வாங்கச் சொல்கிறாராம், மூன்றாவது ஆள் பிராண்டு ஸ்பிரிங் மட்டும் போட்டுக்கோ என்கிறாராம். "ஏனுங்கண்ணா, கையைக் கடிக்காம எதுங்க போடலாம்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் படித்துக்கொள்ளுங்கள். இரண்டு இஞ்ச் வேண்டாம். 25-லிருந்து 30 மில்லிமீட்டர், அதற்கு மேல் போகாதீர்கள். நல்ல கம்பெனி லோயரிங் ஸ்பிரிங் நாலு, அதோடு புது ஷாக் அப்சார்பர் நாலு, புது பம்ப் ஸ்டாப் (ஷாக் கடைசிவரை போய் இடிக்காமல் தாங்கும் ரப்பர்), புது ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டை, அதாவது முன் ஷாக்கை, மேலே வண்டி உடம்போடு பிடிப்பது), எல்லாம் ஒரே தடவையில். காசு பத்தவில்லை என்றால் ஸ்பிரிங்கைத் தள்ளிப்போட்டுவிட்டு ஷாக்கை முதலில் மாற்றுங்கள். ஒருபோதும் அதை மாற்றிச் செய்யாதீர்கள்.

எவ்வளவு இறக்கலாம் என்று கேட்கிற எல்லோரும் வண்டியைத்தான் பார்க்கிறார்கள், ரோட்டைப் பார்ப்பதில்லை. உங்கள் ஸ்விஃப்டுக்குக் கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரையிலிருந்து வண்டியின் வயிறு வரை உயரம், 163 மி.மீ. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 2450 மி.மீ. ரோடு அளவுகளுக்கு விதி வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி போட்ட வட்ட வேகத்தடை என்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம். அவ்வளவு அகலமாக இருப்பதால் உங்கள் வண்டியின் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேரத்தில் அந்த மேட்டின் மீதே நிற்கும். கணக்குப் போட்டால் நடுவயிற்றுக்குக் கீழே மேடு எழும்புவது சுமார் 44 மி.மீ. மட்டும்தான். அப்படிப்பட்ட வேகத்தடையில் 50 மி.மீ. இறக்கிய வண்டி கூட மெதுவாகப் போனால் உரசாது.

ஆனால் நம் ஊரில் அப்படி எத்தனை இருக்கிறது? ஸ்கூல் வாசலிலும் கோயில் திருப்பத்திலும் ஊர்க்காரர்களே ஒரு சாக்கு சிமெண்டைக் கலந்து போட்டுவிடுகிறார்கள் பாருங்கள், ஒன்றரை அடி அகலம், அரை முழம் உயரம் மாதிரி இருக்கும். அதில் முன் சக்கரம் இறங்கி முடித்துவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. மேட்டின் முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்குத்தான். 100 மி.மீ. மேடு என்று வைத்தாலும், 163-இல் 50 இறக்கினால் 113, அதில் மேட்டைக் கழித்தால் 13 மி.மீ. மிச்சம். இது ஆள் ஏறாத வண்டி. நாலு பேர் உட்கார்ந்து டிக்கியில் இரண்டு பை வைத்தாலே இந்த அளவு வண்டி 30 மி.மீ. கிட்ட உட்கார்ந்துவிடும். அப்புறம் சைலன்சர் பைப் தேய்கிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் ஊருக்குப் போகணும். 25 மி.மீ. மட்டும் இறக்கினால் அதே கணக்கில் ஆளோடு 8 மி.மீ. தேறும். ஆக, அதிலும் மோசமான மேடுகளில் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாகத்தான் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். இறக்கிய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், வெளியில் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது தோட்டம். இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகிற மண் தடம்) டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் குழிந்திருக்கும், நடுவில் புல்லும் கல்லுமாக மேடு நிற்கும். டிராக்டர் தடத்தின் அகலமும் கார் தடத்தின் அகலமும் ஒன்றில்லை, அதனால் ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும் இன்னொன்றைத் தடத்துக்கு வெளியிலும் ஏற்றித்தான் போக முடியும். மழை பெய்த மறுநாள் அது முடியாது. ஒரு வேலை செய்யுங்கள். அட்டைப்பெட்டியிலிருந்து 11 செ.மீ. உயரத்துக்கு ஒரு பட்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய், நீங்கள் வழக்கமாகப் போகும் இடங்களில் மோசமான மேடுகளுக்குப் பக்கத்தில் தரையில் நிறுத்திப் பாருங்கள். பட்டையை விட மேடு உசரமாக நின்றால் இரண்டு இஞ்ச் கதை அங்கேயே முடிந்தது.

கிளியரன்ஸ் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சக்கரம் மேலே ஏற ஷாக்குக்குள் ராடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு அளவு உண்டு. அந்தத் தூரம் முடிகிற இடத்தில் ராடின் மேல்முனையில் ரப்பர் மாதிரி ஒரு பம்ப் ஸ்டாப் இருக்கும். வண்டியை 30 மி.மீ. இறக்கினால் அந்தத் தூரத்தில் 30 மி.மீ. நின்ற இடத்திலேயே காலி. வண்டி இறக்கியதும் "ஸ்டிஃப்பா இருக்கு, ஸ்போர்ட்டியா இருக்கு" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் சொல்வது ஸ்பிரிங்கின் கெட்டித்தனத்தை இல்லை, பம்ப் ஸ்டாப் மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருப்பதைத்தான்.

உங்கள் வண்டியில் எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி உண்டு. முன் சக்கரத்தைக் கழற்றினால் ஸ்ட்ரட் தெரியும். அதன் ராடை மூடியிருக்கும் ரப்பர் பூட்டைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு, பளபளவென்று தெரிகிற ராடில் ஒரு சின்ன கேபிள் டை கட்டுங்கள். இறுக்கமாக, ஆனால் தள்ளினால் நகர்கிற மாதிரி. அதை ஷாக்கின் உடம்போடு ஒட்டக் கீழே தள்ளிவிட்டு, சக்கரத்தை மாட்டி, நாலு பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் வழக்கமான ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ராடு உள்ளே போகும்போது ஷாக்கின் உடம்பு அந்த டையை மேலே தள்ளிவிட்டிருக்கும், ராடு திரும்பி வெளியே வந்தாலும் டை தள்ளிய இடத்திலேயே நிற்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் மிச்சம் இருக்கிற ராடுதான் உங்கள் கையிருப்பு. அது 30 மி.மீ. இருந்தால் 25 இறக்கலாம். 10 மி.மீ. தான் இருக்கிறது, அல்லது டை போய் பம்ப் ஸ்டாப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால், கம்பெனி உயரத்திலேயே ஏற்கெனவே முழுத் தூரத்தையும் தின்றுகொண்டிருக்கிறீர்கள். அப்போது வெறும் ஸ்பிரிங் மாற்றம் உங்களுக்கு ஆகாது, குட்டையான ஷாக்கும் கெட்டியான ஸ்பிரிங்கும் சேர்ந்துதான் வேண்டும், அல்லது இறக்குகிற எண்ணத்தை விடணும்.

இப்போது மூன்று யோசனைகளுக்கு வருகிறேன்.

ஸ்பிரிங் வெட்டுவது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியும் போர்வெல் ரிக் வண்டியுமாக வாழ்கிற ஊர்கள் நம்முடையது. பட்டறைக்காரர்களுக்கு லீஃப் ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங், தண்ணிபட்ட பாடு. லோடு அதிகமானால் பட்டையில் ஒன்று சேர்ப்பார்கள், வண்டி ஆட்டினால் ஒன்றை எடுப்பார்கள், அது சரியாகவே வேலை செய்யும். அந்தப் பழக்கத்தில்தான் காரிலும் "ஒரு சுற்று எடுத்துடு" என்கிறார்கள். ஆனால் காயில் ஸ்பிரிங்கின் கணக்கு நேர் எதிர். பட்டையை எடுத்தால் லீஃப் செட் இளகும், சுற்றை எடுத்தால் காயில் கெட்டியாகும். காயிலின் கெட்டித்தனம் அதில் வேலை செய்கிற சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சம் ஐந்து, கெட்டித்தனம் ஆறுக்கு ஐந்து, அதாவது 20 சதவீதம் கூடிவிடும். அது கூடப் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய முனை சரியாக உட்காராது என்பதுதான் பெரிய சிக்கல். ஸ்பிரிங்கின் முனையை ஒரு வடிவத்தில் வளைத்து, அதற்கென்று வார்த்த சீட்டில் பொருத்தியிருப்பார்கள். கிரைண்டரில் அறுத்த முனை அந்தப் பள்ளத்தில் உட்காராமல் ஒரு ஓரத்தில் அழுத்தும், இடது வலது இரண்டும் ஒரே அளவு வராது. வண்டி குழியில் இறங்கிச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து சீட்டை விட்டு நகரும். அடுத்த நொடி வண்டியின் பாரம் மறுபடி அதன் மேல் விழும்போது அது எங்கே உட்காரும் என்று யாருக்கும் தெரியாது.

இதை விட மோசம் கேஸ் வெல்டிங்கில் சூடு காட்டி ஸ்பிரிங்கை உட்கார வைப்பது. ஸ்பிரிங் ஸ்டீலின் உயிரே அதற்குக் கொடுத்த பதம்தான். சிவக்கச் சுட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும், இன்றைக்கு இரண்டு இஞ்ச் இறங்கியது ஆறு மாதத்தில் மூன்றாகும், ஒரு நாள் அதே இடத்தில் முறியும். இதை யாராவது இலவசமாகச் செய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

பிராண்டு ஸ்பிரிங் மட்டும். இதுதான் நாட்டில் அதிகம் பேர் செய்வது, தப்பும் இல்லை, ஒரு நிபந்தனையோடு. நம் ஊரில் கோப்ரா அதிகம் கிடைக்கும், ஐபாக், ஹெச் அண்ட் ஆர், டைன் எல்லாம் வண்டியைப் பொறுத்து வரவழைக்கலாம். கம்பெனியை விட 15-லிருந்து 30 சதவீதம் கெட்டியாகச் செய்திருப்பார்கள், அது தேவையும் கூட, ஏனென்றால் குறைந்த தூரத்துக்குள் அதே அடியைத் தாங்கணும். ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியானால் பழைய ஷாக் அதை அடக்குகிற திறன் ஒப்பளவில் 9 சதவீதம் போலக் குறையும். ஷாக் புதிதாக, நல்ல நிலையில் இருந்தால் இந்த 9 சதவீதம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அறுபதாயிரம் ஓடிய ஷாக் ஏற்கெனவே பாதி தளர்ந்திருக்கும், அதன் தலையில் கெட்டியான ஸ்பிரிங்கை வைத்தால் அவிநாசி ரோட்டில் எழுபதில் போகும்போதே பின்பக்கம் துள்ளிக்கொண்டே வரும். அப்புறம் "கோப்ரா சரியில்லை, ஐபாக் சரியில்லை" என்று ஸ்பிரிங்கைத் திட்டுவார்கள்.

வாங்கும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் வண்டிக்கா டீசல் வண்டிக்கா என்று பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். 2020-இல் மாருதி டீசலை நிறுத்தும்வரை வந்த டீசல் ஸ்விஃப்ட் பெட்ரோலை விடச் சுமார் 100 கிலோ கனம், அதில் பெரும்பகுதி முன்னால். பெட்ரோல் வண்டியின் முன் ஸ்பிரிங்கை டீசலில் போட்டால் கணக்குப்படி 20 மி.மீ. கிட்டக் கூடுதலாக உட்கார்ந்துவிடும். டீசலுக்கானதைப் பெட்ரோலில் போட்டால் காசு கொடுத்து இறக்கிய வண்டி முன்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கடைக்காரர் "ரெண்டுக்கும் ஒண்ணுதான் தம்பி" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

காசு மிச்சம் பிடிக்க ஒரு நல்ல வழி, ஸ்பிரிங்கைப் பழசாக வாங்குவது. வண்டியை விற்பதற்கு முன் கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு லோயரிங் ஸ்பிரிங்கைத் தனியாக விற்கிறவர்கள் கோவையில் நிறைய உண்டு. பெயிண்ட் உரிந்து துரு குழி விழாமல், முனையில் பார்ட் நம்பர் தெரிகிற மாதிரி, வெட்டாத, சூடு காட்டாத ஸ்பிரிங் என்றால் தைரியமாக வாங்கலாம். ஷாக் அப்சார்பரை மட்டும் எக்காரணம் கொண்டும் பழசாக வாங்காதீர்கள். உள்ளே ஆயிலும் வால்வும் சீலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கையில் அழுத்திப் பார்த்துத் தெரியாது.

ஷாக்கில் எதைப் போடுவது? 25 மி.மீ. இறக்கத்துக்குக் கம்பெனி தரத்திலேயே கேப்ரியல், மன்ரோ, கேஒய்பி என்று உங்கள் வண்டிக்கு எது கிடைக்கிறதோ அதன் புது செட் போதும். பெரிய விலை கொடுத்து ஐரோப்பிய ஷாக் தேட வேண்டியதில்லை. போலோ, ஆக்டேவியா வைத்திருப்பவர்கள் பில்ஸ்டீன் பக்கம் போவார்கள், அவர்களுக்காக ஒரு வரி: பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கிய வண்டிக்கென்றே உடம்பைக் குட்டையாகச் செய்தது, பி12 என்றால் பி8-ஓடு ஐபாக் ஸ்பிரிங்கும் சேர்ந்த கிட். இறக்கிய வண்டியில் பி6 போட்டு ஏமாறாதீர்கள். கோனியின் மஞ்சள் ஷாக்கில் ராடு திரும்பி வெளியே வருகிற வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கலாம், ஸ்பிரிங் கெட்டியானதற்குத் தகுந்தபடி அதை இறுக்கிக்கொள்ளலாம் என்பதால் இறக்கிய வண்டிக்கு அது பொருத்தம். உங்கள் ஸ்விஃப்டுக்கு இந்த ஆடம்பரம் தேவையில்லை.

சரி, காயில்ஓவர். உடம்பில் மரை வெட்டி, அதில் வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றுகிற சமாசாரம். நல்ல காயில்ஓவர் அருமையான பொருள், விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான். நீங்கள் காட்டிய விலையில் வருவது அது இல்லை. இந்த அளவு ஹேட்ச்பேக்கில் கம்பெனி ஸ்பிரிங் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கு 2-லிருந்து 3 கிலோ வரை இருக்கும். மலிவுக் காயில்ஓவரில் 5, 6 என்று போட்டிருப்பார்கள். இரண்டு மடங்கு கெட்டி. தாருக்கு நடுவில் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடமும் முதுகுத்தண்டில் எண்ணிக்கொள்ளலாம். 24 கிளிக், 32 கிளிக் என்று குமிழ் வைத்திருப்பார்கள். விலை குறைந்தவற்றில் அது அமுங்குவதையும் திரும்புவதையும் சேர்த்தே மாற்றும், மொத்தக் கிளிக்குகளில் பாதியைத் தாண்டினால் எதுவும் மாறாது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் வால்பாறை மழையிலும் தோட்டத்துச் சேற்றிலும் மரையில் மண் ஏறி, துருப்பிடித்து, வளையம் ஒட்டிக்கொள்ளும். உயரத்தை மாற்றலாம் என்றுதானே வாங்கினோம், ஒரு மழைக்காலம் போனதும் ஸ்பேனர் போட்டாலும் அசையாது. இன்னொன்று, உயரத்தை மாற்ற ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைத் திருகுவதா, அல்லது ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியைத் தனியாகத் திருகுவதா என்று கேட்டு வாங்குங்கள். முதல் வகையில் இறக்க இறக்க ஷாக்கின் தூரம் குறைந்துகொண்டே போகும், சில சமயம் ஸ்பிரிங்கும் தளர்ந்துவிடும். இரண்டாவது வகையில் தூரம் குறையாது.

செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடுகிற வண்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் பலருக்கு இந்த ஆசை வருகிறது. அந்த டிராக்கில் மேடும் பள்ளமும் கிடையாது, ஓட்டுகிறவர் ஒருத்தர், டிக்கியில் தேங்காய் மூட்டை இல்லை. அங்கே கெட்டியான ஸ்பிரிங் டயரை ரோட்டில் அழுத்திப் பிடிக்கும். கரடுமுரடான ரோட்டில் அதே ஸ்பிரிங் டயரை ரோட்டை விட்டுத் தூக்கும். ஆனால் அந்தப் பழக்கத்தால் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. ரேஸ் வீரர் கரிவரதன் காலத்திலிருந்து கோவையில் ரேஸும் ராலியும் ஊறிக் கிடப்பதால், சஸ்பென்ஷனைப் பிரித்து அளந்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளைத் தேடினால் இங்கே கிடைப்பார்கள். அப்படி ஒருத்தரிடம் கொடுத்துவிட்டு, நாம் சும்மா பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும்.

இறக்கினால் வளைவில் நன்றாக ஒட்டும் என்பதிலும் பாதிதான் உண்மை. கொஞ்சம் இறக்கினால் ஒட்டும். ஸ்விஃப்ட் மாதிரி முன்னால் ஸ்ட்ரட் வைத்த வண்டியில் லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி அமைத்திருப்பார்கள். இரண்டு இஞ்ச் இறக்கினால் அது சக்கரப் பக்கம் மேலே ஏறிவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது வண்டியின் கனமையத்தை விட வேகமாகக் கீழே போய்விடும், அதனால் தாழ்ந்த வண்டி முன்னை விட அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை மறைக்க இன்னும் கெட்டியான ஸ்பிரிங் வேண்டும், அப்புறம் அதற்கேற்ற ஷாக், செலவுக்கு முடிவே இருக்காது. வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. அதில் ஒன்றில் நாலு பேரோடு திரும்பிக்கொண்டிருக்கும்போது ஒரு பள்ளத்தில் பின் சக்கரம் இறங்கி பம்ப் ஸ்டாப்பில் முட்டினால், அந்த நொடியில் பின் ஸ்பிரிங் பல மடங்கு கெட்டியான மாதிரி ஆகிவிடும், பின் டயர் பிடியை விடும். இறங்கும்போது, ரோடு ஈரமாக இருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாட்டுகிற வேலையைப் பற்றி இரண்டு மூன்று விஷயம். முதலாவது, எந்தப் பட்டறையிலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். லோயர் ஆர்மையும் பின் ஆக்சில் பீமையும் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களில் உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் கூடு, நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அசையாது, ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். லிஃப்டில் தூக்கிச் சக்கரம் தொங்குகிற நிலையில் மெக்கானிக் கன் வைத்து "டர்ர்ர்" என்று இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் ஏற்கெனவே முறுக்கேறிய நிலையில் இருக்கும். அடுத்த சில மாதத்தில் கிழியும், உயரமும் சரியாக உட்காராது. போல்ட்டுகளை விரலால் மட்டும் முடுக்கிவிட்டு, வண்டியைத் தன் காலில் நிற்கவைத்து, அப்புறம் பள்ளத்தில் இறங்கி இறுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நின்று செய்யவையுங்கள்.

இரண்டாவது, மாட்டி முடித்து வண்டி லிஃப்டில் இருக்கும்போதே, சக்கரங்கள் தொங்க, ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கையால் சுற்ற முடிந்தால், ஆட்டினால் கடகடவென்றால், அந்த ஸ்பிரிங் அந்த ஷாக்குக்கு நீளம் பத்தவில்லை. பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கிற வண்டிகளில் இது அதிகம் நடக்கும். அதை அப்படியே விட்டு வரவேண்டாம்.

மூன்றாவது அலைன்மெண்ட். மாட்டிய அன்றே ஒரு தடவை, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு, அதாவது முந்நூறு கிலோமீட்டர் போல ஓடியதும் மறுபடி ஒரு தடவை. இறக்கினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கிற கோணம்) மாறி டயர் உள்பக்கம் தேயும் என்பார்கள், 25 மி.மீ. இறக்கத்தில் டயரைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் இல்லை, சரிசெய்யாமல் விட்ட டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம்). பின் ஆக்சில் பீமில் திருக எதுவும் இல்லை, ரிப்போர்ட்டில் சிவப்பாக வந்தால் பீம் வளைந்திருக்கிறதா என்று பார்க்கணும். ஹெட்லைட்டின் உயரத்தையும் அப்படியே சரிசெய்துவிடுங்கள். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டிகள் சிலவற்றில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு சின்னக் கம்பி பிரேக் வால்வுக்குப் போகும், லோடு ஏறினால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டித் தருவதற்காக. வண்டியை இறக்கினால் அந்த வால்வு எப்போதும் லோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு பின் சக்கரத்தைப் பூட்டிவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் வண்டியை ரோட்டுக்கு எடுக்கவே கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சொல்கிறது. ஸ்பிரிங்கை நிறுத்திப் பார்க்கிற போலீஸ்காரர் குறைவு, ஆனால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் குனிந்து பார்ப்பார். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளைக் காயலான் கடைக்குப் போடாமல் அட்டத்தில் பத்திரமாக வையுங்கள். விற்கும்போதும் தேவைப்படும்.

உங்கள் குறை வெறும் அந்த நாலு விரல் இடைவெளிதான் என்றால் இறக்காமலே பாதியைச் சரிசெய்யலாம். உங்கள் வண்டியில் இருக்கும் 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 622 மி.மீ. 16 இஞ்ச் அலாயில் 205/55 போட்டால் 632. வித்தியாசம் 1.6 சதவீதம், ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. மேலே இடைவெளியில் 5 மி.மீ. நிரம்பும், கீழே கிளியரன்ஸ் 5 மி.மீ. கூடும், பெரிய அலாயும் அகல டயரும் மட்கார்டை நிறைத்துக் காட்டும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது உள்ளே உரசாமல் அலாயின் ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்கிற அளவு) சரியாக இருக்கணும், அதை மட்டும் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். இதோடு 25 மி.மீ. ஸ்பிரிங்கும் சேர்ந்தால் கண்ணுக்கு ஒன்றேகால் இஞ்ச் இறங்கினாற்போல் இருக்கும், வயிறு இறங்குவது 20 மி.மீ. மட்டும்.

ஆக இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றே வேலை. நாலு ஷாக்கிலும் ஆயில் கசிந்திருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள், கேபிள் டையைக் கட்டிக் காங்கயம் வரை போய் வாருங்கள், சமதரையில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாலு அளவும் டை நின்ற இடமும் தெரிந்தால் 25 போடுவதா 30 போடுவதா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம், அனுப்புங்கள்.